ஒரே படகு, ஒரே பாய்... அப்புறம் எப்படி ஒரு புள்ளியில் பதக்கம் மாறுது?

2023 செப்டம்பர். ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியின் பாய்மரப் படகுப் பந்தயங்கள் சீனாவின் நிங்போ கடற்கரையில் நடந்தன. சிறுமியர் டிங்கி பிரிவில் மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த நேஹா தாக்கூர் 27 புள்ளிகளோடு வெள்ளி வென்றார். அவருக்கு அடுத்து வந்த சிங்கப்பூர் வீராங்கனைக்கு 28 புள்ளி. ஆண்கள் டிங்கி பிரிவில் வேலூரில் பிறந்த விஷ்ணு சரவணன் 34 புள்ளிகளோடு வெண்கலம் வென்றார். அவருக்கு முன்னால் வெள்ளியோடு நின்ற தென்கொரியாவின் ஹா ஜீ-மினுக்கு 33.

எண்களைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். இந்த விளையாட்டில் புள்ளி குறைய குறையத்தான் நல்லது. அதாவது ஒரே ஒரு புள்ளி இந்தியாவுக்கு ஒரு வெள்ளியைக் காப்பாற்றிக் கொடுத்தது. இன்னொரு ஒற்றைப் புள்ளி இன்னொரு வெள்ளியைக் கையிலிருந்து தட்டிவிட்டது. இருவருமே பல நாட்களில் 11 பந்தயங்கள் ஓட்டியவர்கள். அத்தனை மணிநேரம் கடலில் போராடிய பிறகு வித்தியாசம், ஏதோ ஒரு பந்தயத்தில் ஒரே ஒரு படகை முந்தியதா இல்லையா என்பதுதான்.

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. ஒரு பிரிவில் போட்டியிடும் எல்லோரிடமும் இருப்பது அச்சு அசலாக ஒரே படகு. ஃபார்முலா 1 மாதிரி "எங்க இன்ஜின் பெருசு" என்று சொல்லவே முடியாது. படகின் உடல், பாய், பாய்மரம் எல்லாமே ஒரே அளவு, ஒரே எடை, ஒரே வடிவம். அப்படியானால் அந்த ஒரு புள்ளி எங்கிருந்து வருகிறது?

பதில் கடலில் மட்டும் இல்லை. பாதி கரையிலேயே, படகைக் கட்டும்போதும் கழுவும்போதும் இருக்கிறது.

இது என்ன படகு?

பெயர் இல்கா. 2019 வரை இதற்கு லேசர் என்று பெயர். பெயர் உரிமை, தயாரிப்பு உரிமை பற்றிய தகராறு முற்றியதால், வீரர்களின் சங்கம் தன் பெயரின் சுருக்கத்தையே படகுக்கு வைத்துவிட்டது. இந்திய கிளப்களில் இன்றும் பழைய ஆட்கள் "லேசர்" என்றுதான் சொல்வார்கள். இரண்டும் ஒன்றுதான்.

கனடாவைச் சேர்ந்த புரூஸ் கர்பி 1969-ல் வரைந்த படகு இது. கார் கூரையில் கட்டி எடுத்துப்போகிற அளவுக்கு எளிமையான ஒரு படகு வேண்டும் என்ற யோசனையில் பிறந்தது. நீளம் சுமார் 4.2 மீட்டர், வெறும் உடலின் எடை 60 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஓட்டுவது ஒரே ஆள். 1996 அட்லாண்டா முதல் ஒலிம்பிக்கில் இருக்கிறது.

இதன் கெட்டிக்காரத்தனம், ஒரே உடலுக்கு மூன்று பாய்கள். 7.06 சதுர மீட்டர் பாய் போட்டால் இல்கா 7, ஒலிம்பிக்கில் ஆண்களுக்கு. அதே படகில் பாய்மரத்தின் கீழ்ப்பகுதியை மாற்றி 5.76 சதுர மீட்டர் பாய் போட்டால் இல்கா 6, ஒலிம்பிக்கில் பெண்களுக்கு. 4.7 சதுர மீட்டர் என்றால் இல்கா 4. நேஹா வெள்ளி வென்றது இதில்தான். பதினாலு வயதில் ஒரு படகு வாங்கினால், வளர வளர பாயையும் மரத்தின் கீழ்ப்பாதியையும் மாற்றிக்கொண்டே ஒலிம்பிக் வரை போகலாம். கொள்கை அளவில் சொல்கிறேன். நடைமுறைக்குப் பின்னால் வருவோம்.

பத்து நிமிட வேலை, பத்து விதமான தப்பு

இந்தப் படகைக் கட்டுவது சுலபம். பெரிய பாய்மரப் படகுகளில் மரத்தைப் பிடித்து நிறுத்த நாலாபுறமும் கம்பிகள் இருக்கும். இதில் ஒரு கம்பிகூடக் கிடையாது. பாய்மரம் இரண்டு குழாய்கள்தான். மேல்குழாயைக் கீழ்க்குழாயில் செருகி, பாயின் ஓரத்தில் தைத்திருக்கும் நீண்ட உறையை அதன்மேல் சட்டை போடுகிற மாதிரி ஏற்றி, மரத்தைத் தூக்கிப் படகின் மேல்தளத்தில் உள்ள குழியில் நிறுத்த வேண்டும். அப்புறம் குறுக்குத்தண்டான பூம், கயிறுகள், சுக்கான், நடுவில் செங்குத்தாக இறக்கும் பலகையான டாகர்போர்டு. பழகியவர்களுக்குப் பத்து, பதினைந்து நிமிடம்.

ஆனால் கம்பிகள் இல்லை என்பதால்தான் விஷயமே சிக்கலாகிறது. மரம் சுதந்திரமாக வளையும். மரம் வளைந்தால் பாயின் வடிவம் மாறும். பாய் என்பது காற்றைப் பிடிக்கிற துணிப்பை இல்லை, விமானத்தின் இறக்கையை நிமிர்த்தி நிறுத்திய மாதிரி. அதன் தொப்பை எவ்வளவு ஆழம், அந்த ஆழம் முன்பக்கம் இருக்கிறதா நடுவில் இருக்கிறதா, மேல்நுனி திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பதைப் பொறுத்துத்தான் வேகம். இதையெல்லாம் மாற்ற ஓட்டுபவர் கையில் இருப்பவை முக்கியமாக நாலு கயிறுகள்.

பாயின் கீழ் ஓரத்தைப் பின்பக்கமாக இழுப்பது அவுட்ஹால். அதைத் தளர்த்தினால் பாயின் அடிப்பகுதி தொப்பை போடும், இறுக்கினால் தட்டையாகும். எவ்வளவு என்பதை வீரர்கள் ஸ்கேல் வைத்து அளப்பதில்லை. பூமுக்கும் பாய்க்கும் நடுவில் கையை விரித்து வைத்துப் பார்ப்பார்கள். ஒரு சாண் இடைவெளியா, ஒரு முஷ்டியா, அவ்வளவுதான் கணக்கு.

பூம் மேலே எழும்பாமல் கீழே பிடித்து வைப்பது வாங். இதை இறுக்கினால் மரமும் வளையும், பாயும் தட்டையாகும். காற்று ஏறும்போது இதுதான் முதல் பிரேக். கூடவே கன்னிங்ஹாம். பாயின் முன்னோரத்தைக் கீழே இழுக்கும் கயிறு. பலத்த காற்றில் இதை முழுப் பலத்தோடு இழுத்தால் பாயின் மேல்நுனி திறந்து, அதிகப்படியான காற்று வழிந்து போய்விடும். படகு சாயாமல் நிற்கும். (1958-ல் அமெரிக்கா கோப்பையை வென்ற படகின் தலைவர் பிரிக்ஸ் கன்னிங்ஹாமின் பெயர் அது.) நாலாவது மெயின்ஷீட். பாயை உள்ளே இழுக்கவும் வெளியே விடவும் கையிலேயே எப்போதும் இருக்கிற முக்கியக் கயிறு.

காற்று மாறும் ஒவ்வொரு முறையும் இந்த நாலும் மாற வேண்டும். காற்று நிமிடத்துக்கு ஒருமுறை மாறும். இதையெல்லாம் செய்கிற அதே நேரத்தில் வீரரின் பாதங்கள் படகின் நடுவே உள்ள பட்டைக்கு அடியில் மாட்டியிருக்கும், தொடைக்கு மேலே மொத்த உடம்பும் படகுக்கு வெளியே தண்ணீருக்கு மேல் தொங்கிக்கொண்டிருக்கும். இதற்கு ஹைக்கிங் என்று பெயர். சுவரில் சாய்ந்து நாற்காலி இல்லாமல் உட்காருகிற பயிற்சியை ஜிம்மில் செய்திருக்கிறீர்களா? அதை ஆடும் தரையில், முகத்தில் உப்புத்தண்ணீர் அடிக்க, கையில் கயிற்றை இழுத்துக்கொண்டே செய்வதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஒலிம்பிக் பந்தயம் சுமார் 50 நிமிடம். காற்று இருந்தால் ஒரு நாளைக்கு இரண்டு.

தப்பு எங்கே நடக்கும்? சாதாரண இடங்களில்தான். சுக்கான் பலகை முழுசாகக் கீழே இறங்காமல் கொஞ்சம் தூக்கி நின்றால் டில்லர் கையை இழுத்துக்கொண்டே இருக்கும், அதைத் திருத்தித் திருத்தியே வேகம் போகும். வாங் கயிற்றின் முடிச்சு சரியாக இல்லாவிட்டால் பந்தயத்தின் நடுவில் கழன்று வரும். படகின் பின்பக்கத்தில் தண்ணீர் வடிக்க ஒரு துளை உண்டு. அதன் அடைப்பானைப் போடாமல் கடலில் இறக்குவது இந்த விளையாட்டின் மிகப் பழைய தவறு. புதுசாக வந்தவர்கள் மட்டும் செய்வதில்லை.

"ஒரே படகு" எவ்வளவு நாளைக்கு ஒரே படகு?

எல்லோருக்கும் ஒரே படகு என்பது தொழிற்சாலை வாசலில் உண்மை. அதற்குப் பிறகு ஒவ்வொரு படகும் வேறு வேறு வாழ்க்கை வாழ ஆரம்பித்துவிடுகிறது.

இல்காவின் உடல் கண்ணாடியிழையால் ஆனது, மேல்தளத்தில் நடுவே நுரை அடைத்திருக்கும். மேலே ஆள் ஏறி உட்கார்ந்து, இறங்கி, அலையில் அடிபட்டு அடிபட்டுச் சில வருஷங்களில் அந்தத் தளம் விறைப்பை இழக்கும். கையால் அழுத்தினால் லேசாக அமுங்கும். அதை "சாஃப்ட் ஆகிடுச்சு" என்பார்கள். அமுங்குகிற தளத்தில் கயிற்றை எவ்வளவு இழுத்தாலும் அந்த விசையில் ஒரு பகுதி படகை வளைப்பதிலேயே போய்விடும். எடையும் கூடும். சிறு விரிசல் வழியாக உள்ளே போகிற தண்ணீர் சும்மா இருக்காது, நுரைக்குள் ஊறிவிடும். 60 கிலோ படகில் இரண்டு கிலோ தண்ணீர் ஊறினால் அது சின்ன விஷயமில்லை.

மிக ஆபத்தான இடம் மரம் நிற்கும் குழி. மொத்தப் பாயின் விசையும் அந்த ஒரு குழியில்தான் இறங்குகிறது. மரத்தின் அடியில் ஒட்டிக்கொண்டு வருகிற மணல், மரம் சுழலும்போதெல்லாம் உப்புக்காகிதம் மாதிரி குழியின் அடியைத் தேய்க்கும். ஒருநாள் ஓட்டை விழும், அல்லது பலத்த காற்றில் குழியே பிய்த்துக்கொண்டு வரும். இதைக் கண்டுபிடிக்க விஞ்ஞானம் எதுவும் வேண்டாம். படகைச் சமமாக நிறுத்தி, குழி நிறையத் தண்ணீர் ஊற்றிவிட்டு டீ குடித்துவிட்டு வந்து பார்க்க வேண்டும். மட்டம் இறங்கியிருந்தால் ஒழுகுகிறது என்று அர்த்தம். உலகம் முழுக்க இந்தப் படகை வைத்திருப்பவர்கள் செய்கிற சோதனை இது. மரத்தைக் குழியில் இறக்கும் முன் இரண்டையும் ஒரு மக் தண்ணீரால் கழுவுவது அதைவிட மலிவான வைத்தியம்.

மேல்குழாயின் பிரச்சினை வேறு. அலுமினியக் குழாய் வளைந்து வளைந்து ஒரு கட்டத்தில் நிமிர மறுக்கும். தரையில் உருட்டிப் பார்த்தால் தெரியும், துள்ளித் துள்ளி உருளும். ரிவெட் அடித்த துளையைச் சுற்றி உப்பு அரித்து, அங்கேயே ஒடிவதும் உண்டு. இதற்காகவே பின்னாளில் இல்கா 7-க்குக் கார்பன் இழை மேல்குழாயை அனுமதித்தார்கள். நிரந்தரமாக வளைந்து நின்றுவிடாது. விலை அதிகம்.

பாய் விஷயம் இன்னும் கொடுமை. பாலியெஸ்டர் துணி. புதுசில் காகிதம் மாதிரி விறைப்பாக இருக்கும். வெயிலும், காற்றில் படபடவென்று அடித்துக்கொள்வதும் அதன் எமன்கள். கரையில் படகை நிறுத்திவிட்டுப் பாயை அடிக்க விட்டுவிட்டு அரட்டை அடித்தால், அந்த அரை மணிநேரத்தில் பாயின் ஆயுள் கொஞ்சம் போகிறது. துணி தளர்ந்தால் தொப்பை பின்பக்கம் நகரும். கன்னிங்ஹாமை எவ்வளவு இழுத்தாலும் முன்னால் வராது. நன்றாக ஓட்டுகிறவர்கள் பந்தயத்துக்கு ஒரு பாய், பயிற்சிக்கு ஒரு பாய் என்று வைத்திருப்பது இதனால்தான். மடிக்காமல் சுருட்டி வைப்பதும் இதனால்தான்.

நம் ஊர் வெயிலுக்கு ஒரு தனிக் கவனம் வேண்டும். மூடிய படகுக்குள் இருக்கும் காற்று சூட்டில் விரிந்து ஒட்டுகளைத் தள்ளும். அதனால் கரைக்கு வந்ததும் அந்த வடிகால் அடைப்பானைத் திறந்து வைக்க வேண்டும். மறுநாள் காலையில் மறக்காமல் மூட வேண்டும். மேலே சொன்ன பழைய தவறு எப்படி நடக்கிறது என்று இப்போது புரிந்திருக்கும்.

சரி, தண்ணீரில் என்ன நடக்கிறது?

படகால் காற்றை நோக்கி நேராகப் போக முடியாது. காற்றுக்குச் சுமார் 45 டிகிரி சாய்வாக ஒருமுறை இடப்பக்கம், ஒருமுறை வலப்பக்கம் என்று வளைந்து வளைந்துதான் மேலேற முடியும். மலைப்பாதை மாதிரி. அப்படி மேலே ஏறி, மிதவையைச் சுற்றி, காற்றோடு கீழே இறங்கி, மறுபடி ஏறுவதுதான் பந்தயம். இந்த ஏற்றத்தில்தான் பெரும்பாலும் இடங்கள் மாறுகின்றன.

ஆனால் பந்தயத்தின் பாதி, பந்தயம் தொடங்கும் முன்பே முடிந்துவிடும். தொடக்கக் கோடு என்பது தண்ணீரில் வரைந்த கோடு இல்லை. ஒருபக்கம் நடுவர் படகு, மறுபக்கம் ஒரு மிதவை. இரண்டுக்கும் நடுவே கற்பனைக் கோடு. 5 நிமிடம் இருக்கும்போது ஒரு கொடி, 4 நிமிடத்தில் இன்னொன்று, 1 நிமிடத்தில் அது இறங்கும், பூஜ்யத்தில் தொடக்கம். பாரிஸ் ஒலிம்பிக்கில் இல்கா 7-ல் 43 படகுகள். அவற்றை முன்னும் பின்னுமாக அடுக்கினாலே 180 மீட்டர் வரும். அத்தனையும் பிரேக் இல்லாத படகுகள். அத்தனையும் கோட்டின் நல்ல முனையில், சரியாகப் பூஜ்யத்தில், முழு வேகத்தில் இருக்கப் பார்க்கும்.

ஒரு நொடி முந்தினால் கோட்டைத் தாண்டியதாகக் கணக்கு, திரும்பி வந்து மறுபடி தொடங்க வேண்டும். நடுவர்கள் கறுப்புக் கொடி போட்டிருந்தால் அதுவும் கிடையாது, கடைசி ஒரு நிமிடத்தில் மூக்கை நீட்டியவர் அந்தப் பந்தயத்திலிருந்தே அவுட். சரி, ஒரு நொடி பிந்தினால்? முன்னால் இருக்கும் படகுகளின் பாய்கள் கலக்கிவிட்ட காற்றுதான் உங்களுக்குக் கிடைக்கும். கலங்கிய காற்றில் வேகம் வராது, வேகம் வராததால் அதிலிருந்து வெளியே வரவும் முடியாது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஞாயிறு சாயங்காலம் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட மாதிரி.

அடுத்தது காற்றின் திசை. கண்ணுக்குத் தெரியாத பத்து டிகிரி மாற்றம் போதும், இடப்பக்கம் போனவர்கள் எல்லோரும் வலப்பக்கம் போனவர்களை மொத்தமாக முந்திவிடுவார்கள். தண்ணீரின் நிறம், தூரத்துப் படகின் சாய்வு, கரையில் புகை போகிற திசை இவற்றைப் பார்த்து யூகிக்க வேண்டும். பந்தயம் நடக்கும்போது பயிற்சியாளரின் உதவி கிடையாது, காதில் இயர்போனும் கிடையாது.

எனக்கு இந்த விளையாட்டில் மிகவும் பிடித்தது நடுவர் முறை. மோதல் விதிகளைப் பெரும்பாலும் வீரர்களே ஒருவர்மேல் ஒருவர் அமல்படுத்துகிறார்கள். வலப்பக்கத்திலிருந்து காற்று வாங்கி வருகிற படகுக்கு, இடப்பக்கத்திலிருந்து காற்று வாங்கி வருகிற படகு வழிவிட வேண்டும். விடாவிட்டால் "புரோட்டஸ்ட்!" என்று கத்துவார்கள். தப்பு தன் மேல் என்று தெரிந்தால் அந்தப் படகு அங்கேயே இரண்டு முழு வட்டம் அடித்துவிட்டுப் பந்தயத்தைத் தொடரும். ஒப்புக்கொள்ளாவிட்டால் கரைக்கு வந்து விசாரணை, சாட்சி, தீர்ப்பு. நடுவர்கள் நேரடியாகத் தலையிடுவது முக்கியமாக ஒரு விஷயத்தில். பாயை விசிறி மாதிரி ஆட்டியோ, உடம்பை ஆட்டியோ படகை நகர்த்தக்கூடாது. காற்றுதான் நகர்த்த வேண்டும். மீறினால் மஞ்சள் கொடி, இரண்டு வட்டம். வழக்கமான விதிப்படி இரண்டாவது முறை மாட்டினால் அந்தப் பந்தயத்தை விட்டே விலக வேண்டும்.

புள்ளிக் கணக்கு எளிது. முதலிடம் 1 புள்ளி, பத்தாவது இடம் 10 புள்ளி. முடிக்காவிட்டாலோ தகுதி இழந்தாலோ, மொத்தப் படகுகளைவிட ஒன்று கூட. 43 படகு என்றால் 44 புள்ளி. எல்லாவற்றிலும் மோசமான ஒரு பந்தயத்தைக் கழித்துவிடலாம். ஒரு கயிறு அறுந்தால் மன்னிப்பு உண்டு. இரண்டாவது கயிறு அறுந்தால் கிடையாது. முடிச்சைப் பற்றியும் குழியில் தண்ணீர் ஊற்றுவது பற்றியும் இவ்வளவு நேரம் பேசியது இதற்காகத்தான்.

இப்போது நேஹாவின் கணக்கை மறுபடி பாருங்கள். மொத்தம் 32 புள்ளி, கழித்தது 5. அதாவது 11 பந்தயங்களில் அவருடைய மிக மோசமான புள்ளியே 5. சிறுமியர் பிரிவு சின்னக் களம் என்பது உண்மை. இருந்தாலும், முதலிடம் வாங்கிக் குவித்து வெல்வதைவிட, மோசமான நாளே இல்லாமல் பார்த்துக்கொள்வதுதான் இந்த விளையாட்டில் பதக்கம் வாங்கித் தருகிறது.

அப்படியானால் ஒலிம்பிக்கில் இந்தியா எங்கே சறுக்குகிறது?

ஒலிம்பிக்கில் இல்கா படகுகளைப் போட்டி நடத்துபவர்களே தருகிறார்கள். எல்லாம் புதுசு. அதனால் அங்கே "எங்க படகு பழசு" என்ற பேச்சுக்கே இடமில்லை. பாரிஸ் ஒலிம்பிக்கின் பாய்மரப் பந்தயங்கள் மார்செய் நகரில் நடந்தன. விஷ்ணு முதல் பந்தயத்தில் 10-வது இடம். இரண்டாவதில் 34. முடிவில் 18-வது. சென்னையின் நேத்ரா குமணன் இல்கா 6-ல் முதல் பந்தயத்தில் 6-வது இடம், அடுத்ததில் 15. முடிவில் 21-வது. கடைசிப் பதக்கப் பந்தயத்துக்குப் போவது முதல் பத்துப் பேர் மட்டும், அதில் புள்ளிகள் இரட்டிப்பு. இருவருக்கும் அது கிடைக்கவில்லை.

ஆனால் டோக்கியோவோடு ஒப்பிட்டால் வளர்ச்சி தெரியும். அங்கே விஷ்ணு 20, நேத்ரா 35. ஒலிம்பிக் பாய்மரப் படகுப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் நேத்ராதான். (டோக்கியோ போன நாலு பாய்மர வீரர்களில் மற்ற இருவர் 49இஆர் படகில் ஓட்டிய கே.சி. கணபதி, வருண் தாக்கர். இருவரும் சென்னை. ஆக, நாலு பேரும் தமிழ்நாட்டோடு தொடர்புள்ளவர்கள்.)

ஒரு தனிப் பந்தயத்தில் 6-வது, 10-வது இடம் பிடிக்கிறவரிடம் வேகம் இல்லை என்று சொல்ல முடியாது. அதை ஒவ்வொரு பந்தயத்திலும் திரும்பச் செய்வதில்தான் இடைவெளி. அது எங்கிருந்து வருகிறது? என் கணிப்பு, பெரிய கூட்டத்தில் ஓட்டிப் பழகிய நாட்களின் எண்ணிக்கையிலிருந்து. 40 படகுகளுக்கு நடுவே ஒரு நொடித் துல்லியத்தில் தொடங்குவதை, 40 படகுகள் இல்லாத இடத்தில் கற்றுக்கொள்ள முடியாது. தனியாக எவ்வளவு வேகமாக ஓட்டினாலும் கலங்கிய காற்று எப்படியிருக்கும் என்று தெரியவராது. ஐரோப்பாவில் வார இறுதிப் போட்டிகளிலேயே அந்தக் கூட்டம் கிடைக்கும். அதனால்தான் நேத்ரா ஸ்பெயினின் கிரான் கனேரியா தீவில் போய்த் தங்கிப் பயிற்சி எடுத்தார், விஷ்ணுவும் ஆண்டின் பெரும் பகுதியை வெளிநாட்டுக் கடல்களில் கழித்தார்.

"நாம சின்ன டீம், காசு இல்ல" என்பது மட்டும் காரணமாகாது. பாரிஸில் இல்கா 7 வெள்ளி வென்றவர் சைப்ரஸின் பாவ்லோஸ் கொண்டிடெஸ், வெண்கலம் பெருவின் ஸ்டெஃபானோ பெஸ்கியெரா. 2012 லண்டனில் இதே படகில் கொண்டிடெஸ் வாங்கிய வெள்ளிதான் சைப்ரஸின் முதல் ஒலிம்பிக் பதக்கம். அந்த நாட்டின் மக்கள்தொகை சென்னை மாநகரில் சில மண்டலங்களுக்குச் சமம். இந்தப் படகின் எளிமை அந்த மாதிரி நாடுகளுக்குத்தான் அதிகம் உதவியிருக்கிறது.

பழைய படகில் கற்பவர்கள் யார்?

இந்தியாவில் இந்த விளையாட்டுக்குள் வர மூன்று வாசல்கள் இருக்கின்றன. ஒன்று ராணுவமும் கடற்படையும். விஷ்ணு, மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்பைச் சேர்ந்தவர், அவருடைய அப்பாவும் அதே படைப்பிரிவில் இருந்தபோது படகு ஓட்டியவர். மும்பை கொலாபாவில் உள்ள ராணுவப் படகுப் பயிற்சி மையம்தான் அவரை வளர்த்தது. இரண்டாவது, சென்னை, மும்பை, ஹைதராபாத் நகரங்களின் கிளப்கள், சங்கங்கள். மெட்ராஸின் யாட் கிளப் 1911-ல் தொடங்கியது. மூன்றாவது வாசல்தான் வித்தியாசமானது, போபால். கடலே இல்லாத மத்தியப் பிரதேசத்தில், போபாலின் பெரிய ஏரியில் உள்ள பயிற்சிப் பள்ளி. தேவாஸ் மாவட்ட விவசாயக் குடும்பத்திலிருந்து வந்த நேஹா அங்கேதான் கற்றார். 2018 ஆசியப் போட்டியில் லேசர் 4.7-ல் வெண்கலம் வென்ற ஹர்ஷிதா தோமரும் அதே ஏரி. ஒரு மாநிலம் படகும் பயிற்சியாளரும் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இரண்டு பதக்கங்கள் சாட்சி. 1,000 கிலோமீட்டருக்கு மேல் கடற்கரை வைத்திருக்கிற நமக்கு இது கொஞ்சம் உறுத்த வேண்டிய விஷயம்.

மற்றபடி ஹைதராபாத்தின் ஹுசைன் சாகரில் ஜூலை மாதப் பருவக்காற்றில் நடக்கும் போட்டிதான் நாட்டில் லேசர்காரர்கள் பெரிய அளவில் ஒன்றுகூடுவது. அங்கே காற்று கட்டடங்களுக்கு நடுவே புகுந்து நிமிடத்துக்கு நிமிடம் திசை மாறும். அதில் பழகியவர்களுக்குத் திசை மாற்றத்தைப் பிடிக்கிற கண் நன்றாக வரும். ஆனால் அலை? அதைப் படிக்கக் கடலுக்குத்தான் போக வேண்டும்.

முன்னால் நடைமுறைக்கு வருவோம் என்றேனே, அது இதுதான். இல்காவை யார் வேண்டுமானாலும் செய்து விற்க முடியாது. அங்கீகாரம் பெற்ற தயாரிப்பாளர்கள் மட்டும்தான். படகு மட்டுமில்லை, பாய், குழாய், பலகைகள் எல்லாமே அப்படித்தான். வெளியில் தைத்த மலிவான பாயைப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளலாம், போட்டிக்கு ஆகாது. ஐரோப்பாவில் சில ஆயிரம் யூரோவுக்குக் கிடைக்கிற புதுப் படகு, கப்பல் வாடகையும் வரியும் சேர்ந்து இங்கே வந்து இறங்கும்போது பல லட்சம். அதனால் கிளப்கள் ஒரு படகைப் பத்து, பதினைந்து வருஷம் ஓட்டுகின்றன. தளம் அமுங்கிய படகில், தளர்ந்த பாயில்தான் பெரும்பாலான பிள்ளைகள் கற்கிறார்கள். அதில் ஒரு தீமை வேகம் குறைவது. இன்னொன்று யாரும் அதிகம் பேசாதது. கன்னிங்ஹாமை இரண்டு அங்குலம் இழுத்தால் என்ன மாறும் என்பதை, இழுத்தாலும் மாறாத பாயில் கற்றுக்கொள்ள முடியாது. புதுப் படகு கையில் கிடைக்கும் நாளில் அந்தப் பிள்ளை மறுபடி முதலிலிருந்து கற்க வேண்டியிருக்கும்.

இதனால் எனக்கு ஒரு விஷயம் தோன்றுகிறது. புதுப் படகுகளுக்குக் காசு கேட்பதற்கு முன்னால், வருஷாவருஷம் பாய்களை மாற்றவும் கண்ணாடியிழை வேலை தெரிந்த ஒருவரை முழுநேரமாக வைத்துக்கொள்ளவும் ஒரு பயிற்சி மையத்துக்குப் பணம் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். நம் கடற்கரைகளில் ஃபைபர் படகுக்கு ஒட்டுப்போடுகிற ஆட்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்கள் கையில் இருக்கிற வேலையும் இதுவும் வேறு வேறு இல்லை.

நீங்களே ஏறிப் பார்க்கணும்னா?

வயது தடையில்லை. சென்னை, மும்பை, ஹைதராபாத், கோவா பக்கங்களில் பெரியவர்களுக்கான தொடக்கப் பயிற்சி வகுப்புகள் உண்டு. நீச்சல் தெரிந்திருக்க வேண்டும், லைஃப் ஜாக்கெட் கட்டாயம். முதல் நாளே படகைக் கவிழ்க்கச் சொல்வார்கள், பயப்பட வேண்டாம். கவிழ்ந்த படகின் டாகர்போர்டு மேல் ஏறி நின்று அதை நிமிர்த்துவதுதான் முதல் பாடம். 60 முதல் 70 கிலோ ஆள் என்றால் ஆணானாலும் பெண்ணானாலும் இல்கா 6 பாய் பொருந்தும். 80-ஐத் தாண்டினால் இல்கா 7.

பழைய படகு ஒன்றை வாங்க யாராவது கூப்பிட்டால், விலை பேசுவதற்கு முன் மூன்று வேலை செய்யுங்கள். மேல்தளத்தைப் பாதத்தால் அழுத்திப் பாருங்கள். மேல்குழாயைத் தரையில் உருட்டிப் பாருங்கள். மரம் நிற்கும் குழியில் தண்ணீர் ஊற்றிவிட்டு, ஒரு டீ சொல்லுங்கள்.